கட்டற்ற மென்பொருளும் கற்றோர் கடனும்

இற்றைநாளிற் கணினி தீண்டாத தொழில் அரிது. வங்கியிற் கணக்கு வைப்பதும், வைத்தியசாலையில் நோயாளர் பதிவேடு பேணுவதும், பரீட்சைப் பெறுபேறுகளை வெளியிடுவதும், விழா மலர் ஒன்றின் பக்கங்களை அச்சுக்கு அடுக்குவதும் கணினியின் வேலைகளாயின. அங்ஙனமிருந்தும், அக்கருவியை இயக்குவது யாது, அதனை ஆளும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒரு பகுதியினர், பெரும்பாலார் மேசைக் கணினிகளிற் பயன்படுத்தும் விண்டோஸ் முதலிய விலை முறைமைகளை விடுத்து, லினக்ஸ் என்று பொதுவாக வழங்கப்பெறும் கட்டற்ற முறைமைகளை விரும்பி மேற்கொள்கின்றனர். அவர் அவ்வாறு செய்வது ஏன்? காசு மிச்சம் என்பதொன்றே காரணமா? வேறு காரணமும் உளதா? இவற்றை ஆராய்ந்து, கல்லூரி ஒன்றுக்கு இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் பயன் யாதென்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் கணினி வல்லுநர் அல்லேம், தமிழாசிரியர். எனினும் இவ்விடயம் சொல்லையும் அறிவையும் உரிமையையும் பற்றியதாதலின், தமிழாசிரியர் ஆராய்தற்கும் உரியதே.

கணினியும் அதனை இயக்குவதும்

கணினி இரு கூறுடையது. கையால் தொடத்தக்க பெட்டி, திரை, விசைப்பலகை முதலியன வன்பொருள் எனப்படும். அவ்வன்பொருளுக்கு இன்னது செய்க என்று கட்டளையிடும் அறிவுறுத்தல்களின் தொகுதி மென்பொருள் எனப்படும். மென்பொருள்களுள் முதன்மையானது பணிசெயல் முறைமை. நாம் அழுத்தும் எழுத்தை விசைப்பலகையினின்று பெறுவதும், நினைவகத்தைப் பல வேலைகளுக்கும் பங்கிடுவதும், எழுதியவற்றைக் கோப்புகளாக அடுக்கி வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் அதன் பொறுப்பாம். கணினியிற் செய்யும் எவ்வேலையும் அதன் வழியாலன்றி நடவாது. எனவே பணிசெயல் முறைமையை ஆள்பவரே கணினியை ஆள்பவராவர்.

மென்பொருளை ஆக்குவோர் அதனை மனிதர் வாசித்து விளங்கத்தக்க ஒரு குறியீட்டு மொழியில் முதலில் எழுதுவர். அது மூலக் குறிமுறை எனப்படும். பின்னர் அது 0, 1 என்னும் இலக்கங்களாலாய நீண்ட தொடராக, பொறி ஏற்கும் வடிவுக்கு மாற்றப்படும். விலைமுறைமைகளை விற்கும் கம்பனிகள் பின்னையதையே கொடுக்கும். முன்னையதைத் தம்மிடத்தே மறைத்து வைக்கும். ஒரு வைத்தியர் சூரணத்தைக் கொடுத்து அதன் செய்பாகத்தை மறைப்பதை ஒக்கும் இது. நோயாளி மருந்தை உண்ணலாம். அதிற் கலந்தவை யாவை என அறியவோ, தம் உடலுக்கேற்ப அளவை மாற்றுவிக்கவோ, வேறொரு வைத்தியரிடம் காட்டி ஆராய்விக்கவோ இயலாது. கட்டற்ற மென்பொருளோ சூரணத்தையும் செய்பாகத்தையும் ஒருங்கே தருவது.

இலவசமும் சுதந்திரமும்

இவ்வகை மென்பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் எழுந்த பெயரில் ஒரு மயக்கம் உண்டு. விலையின்மையையும் விடுதலையையும் அம்மொழி ஒரே சொல்லாற் சுட்டும். ஆதலின், காசில்லாமற் கிடைப்பது என்றே பலர் பொருள் கொண்டனர். தமிழில் இம்மயக்கத்துக்கு இடமில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. ‘கட்டற்ற’ என்று நம்மவர் ஆக்கிய சொல் கருதிய பொருளை நேரே உணர்த்தி நிற்கின்றது. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்றலும் ஆகும். வாங்கியவரைக் கட்டிவைத்தலே ஆகாது. இலவசமாய்க் கிடைக்கும் மென்பொருள்கள் பல கட்டுடையனவாய் இருத்தலையும் நாம் காண்கின்றோம்.

இவ்வியக்கத்தைத் தொடங்கிய ரிச்சட் ஸ்டோல்மன் வகுத்த கொள்கைப்படி, பயன்படுத்துவோர்க்கு நான்கு உரிமைகள் வேண்டும். எந்நோக்கத்துக்கும் மென்பொருளை இயக்கும் உரிமை ஒன்று. அது செயற்படும் வகையை ஆராய்ந்து, வேண்டியவாறு மாற்றும் உரிமை மற்றொன்று. பெற்ற பிரதியைப் பிறர்க்கும் வழங்கும் உரிமை மூன்றாவது. திருத்திய பிரதியை வெளியிட்டுச் சமுதாயம் பயனடையச் செய்யும் உரிமை நான்காவது. இரண்டாவதும் நான்காவதும் மூலக் குறிமுறை கையிலிருந்தாலன்றிக் கைகூடா என்பது வெளிப்படை. 1998 ஆம் ஆண்டில் ‘திறந்த மூலம்’ என்னும் பெயரும் தோன்றியது. அப்பெயரை விரும்புவோர் தொழிற்பயனை முன்வைப்பர்; முன்னைப் பெயரைப் போற்றுவோர் உரிமையை முன்வைப்பர். நோக்கு வேறாயினும், அவர் கைக்கொள்ளும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே.

இயக்கம் பிறந்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் 1970 ஆம் ஆண்டுகளிற் பணிபுரிந்தோர், தாம் எழுதிய மூலக் குறிமுறையை ஒருவருக்கொருவர் தயக்கமின்றிக் கொடுத்து வந்தனர். ஸ்டோல்மனும் அவருள் ஒருவர். 1980 ஆம் ஆண்டை ஒட்டி அவ்வாய்வுகூடத்துக்கு ஒரு லேசர் அச்சுப்பொறி அன்பளிப்பாகக் கிடைத்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கியது. பழைய அச்சுப்பொறியில் இத்தகைய தடை நேர்ந்தபோது, காத்திருப்போரின் திரையில் அறிவித்தல் தோன்றுமாறு ஸ்டோல்மன் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். புதியதற்கும் அவ்வாறே செய்ய முயன்றார். மூலக் குறிமுறை இல்லாமையால் இயலவில்லை. அக்குறிமுறையை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் சென்று கேட்டார். எவர்க்கும் கொடுப்பதில்லை என்று தாம் ஒப்பந்தஞ் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். நிகழ்ச்சி சிறிது, அது உணர்த்திய உண்மை பெரிது. குறை இன்னதென்று தெரியும். தீர்க்கும் திறமையும் உண்டு. தீர்க்கும் உரிமை மட்டும் இல்லை.

1983 ஆம் ஆண்டு செப்தெம்பர் 27 ஆந் திகதி, முற்றிலும் கட்டற்ற ஒரு முறைமையைத் தாம் ஆக்கப்போவதாக ஸ்டோல்மன் அறிவித்தார். அதற்குக் ‘குனூ’ என்று பெயரிட்டார். 1984 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுவகத்துப் பதவியைத் துறந்து அவ்வேலையில் இறங்கினார். 1985 ஆம் ஆண்டிற் கட்டற்ற மென்பொருள் அறநிலையத்தை நிறுவினார். 1989 ஆம் ஆண்டிற் குனூ பொது உரிமத்தை வெளியிட்டார். அவ்வுரிமத்தின் நுட்பம் போற்றத்தக்கது. பிறர் படி எடுத்தலைத் தடுத்தற்கென எழுந்த பதிப்புரிமைச் சட்டத்தையே அது ஆதாரமாகக் கொள்ளும். ஆனால், ‘இதனைப் பெற்றுத் திருத்தி வெளியிடுவோர், தாம் பெற்ற உரிமைகளை அடுத்தவர்க்கும் குறைவின்றிக் கொடுத்தல் வேண்டும்’ என்று விதிக்கும். வாங்கியவன் வழங்காது பூட்டிவைத்தல் அவ்வுரிமத்தால் தடுக்கப்பட்டது.

எழுதுகருவி, மொழிமாற்றி முதலிய உறுப்புகள் பல ஆயத்தமாயின. எனினும் வன்பொருளோடு நேரே உறவாடும் ‘கரு’ என்னும் உறுப்பு நிறைவுறவில்லை. இக்குறையை நீக்கியவர் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர். கற்பித்தற்பொருட்டு ஆக்கப்பட்ட மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைப் பயின்ற அவர், தம் சொந்தக் கணினிக்கென ஒரு கருவை எழுதலானார். 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் திகதி அதனை உலகுக்கு அறிவித்தபோது, அது பொழுதுபோக்கு முயற்சியே என்றும், பெரியதொன்றாகாது என்றும் குறித்தார். அடுத்த மாதம் அவர் வெளியிட்ட முதற்பிரதி ஏறத்தாழ 10,000 வரிகளை உடையது. 1992 ஆம் ஆண்டில் அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். அன்று தொட்டு, உலகின் பல பகுதிகளிலிருந்தும் எண்ணற்றோர் திருத்தியும் சேர்த்தும் வந்தமையால், இன்று அது மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டதாய் வளர்ந்துள்ளது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில், 2017 ஆம் ஆண்டு நவெம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸில் இயங்குவனவே. அன்ரொயிட் கைத்தொலைபேசிகளின் உள்ளே இயங்குவதும் அக்கருவே. ‘நான் லினக்ஸைக் கண்டதில்லை’ என்று கூறுவோரிற் பலர் அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகின்றனர்.

அக்கருவைக் கொண்டு பலர் பல முறைமைகளைத் தொகுத்தனர். டெபியன் 1993 ஆம் ஆண்டிலும் உபுந்து 2004 ஆம் ஆண்டிலும் தோன்றின. இப்பன்மை தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மூலம் ஒன்று. சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோர் கண்ட உரைகள் பல. ஒருவர் உரையை மற்றொருவர் மறுத்தற்கு இயன்றது, மூலபாடம் யாவர்க்கும் பொதுவாய் இருந்தமையாலன்றோ? மூலம் மறைக்கப்பட்டிருப்பின், உரையாசிரியர் மரபே நமக்கு இல்லையாகும்.

விரும்புவதற்குரிய காரணங்கள்

இனி, பயன்படுத்துவோர் இவற்றை விரும்புதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாய் நோக்குவாம்.

முதலாவது செலவு. உரிமக் கட்டணம் இன்மை வறிய நாடுகளுக்குப் பெருநன்மை. ஆயினும், விலைமுறைமைகளின் களவுப் பிரதிகள் எளிதிற் கிடைக்கும் நாடுகளில், காசு கொடாமை மட்டும் கருதுவோர் கட்டற்ற முறைமையைத் தேடவேண்டுவதில்லை. ஆதலின் செலவுக் காரணம் அறத்தோடு சேர்த்து எண்ணப்படும்பொழுதே வலியுடையதாகின்றது. களவுப் பிரதியைக் கொண்டு பாடங் கற்பிக்கும் ஆசிரியர், கணினியோடு களவையும் கற்பிக்கின்றார். நேர்மையாகப் பெற்று, நேர்மையாகப் படி எடுத்து, மாணவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்பத் தக்க முறைமை இருக்கும்பொழுது, அவ்விழுக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது கருவியின் ஆயுள். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10 முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் கம்பனி 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் பதிவு செய்வோர்க்குச் சிறிது கால நீடிப்பு உண்டு. அடுத்ததாகிய விண்டோஸ் 11, குறித்த ஒரு பாதுகாப்புச் சில்லும் புதுத்தலைமுறைச் செயலியும் உடைய கணினிகளையே ஏற்கும். இதனால், நன்றாக இயங்கும் கணினிகள் பல, பழுதுபடாமலே பழையனவென்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை, 4 கிகாபைற்று நினைவகம் உடையனவாயினும், லினக்ஸ் மின்ற் முதலிய முறைமைகளில் மேலும் சில ஆண்டுகள் பணிசெய்ய வல்லன. மிகப் பழைய 32-பிற்றுச் செயலிகளைக் கட்டற்ற முறைமைகளும் கைவிட்டு வருகின்றன என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஆயினும், கைவிடும் நாளைத் தனியொரு கம்பனி விதித்தல் அங்கு இல்லை. விரும்புவோர் சேர்ந்து பேணலாம்.

மூன்றாவது நம்பகம். மூலக் குறிமுறையை யாவரும் வாசிக்கலாம் ஆதலின், உள்ளே வேவு பார்க்கும் பகுதி உளதா என்று ஆராயலாம் என்பர். இக்கூற்றை அளவறிந்து கொள்ளல் வேண்டும். பலர் வாசிக்கலாம் என்பதனாற் பலர் வாசித்தனர் என்பது பெறப்படாது. இணையத் தொடர்பைக் காக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளில் 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த பிழை, 2014 ஆம் ஆண்டு ஏப்பிரல் வரையும் வெளிப்படாதிருந்தது. அடுத்ததாக, 2024 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று இரு பக்கத்தையும் காட்டும். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருளைப் பேணிய தொண்டருக்குத் துணையாய்ச் சேர்ந்து, ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை தேடிய ஒருவர், அதனுள் இரகசிய வாயில் ஒன்றை அமைத்தார். அன்றிறஸ் பிறோயின்ற் என்னும் பொறியியலாளர், தொலைவிலுள்ள கணினியுட் புகும்பொழுது ஏறத்தாழ அரை வினாடி தாமதம் உண்டாதலைக் கவனித்தார். பிறர் பொருட்படுத்தாத அவ்வரை வினாடியைப் பொருட்படுத்தித் துருவிச் சென்று, சூதினைக் கண்டுபிடித்து, மார்ச் 29 ஆந் திகதி யாவர்க்கும் அறிவித்தார். பெரும்பாலார் பயன்படுத்தும் பிரதிகளுட் பரவுமுன்னரே அது தடுக்கப்பட்டது. திறந்த வீட்டினுட் கள்வனும் புகலாம். எனினும் ஐயுற்ற அயலான் உள்ளே சென்று பார்க்கவும் அங்கேதான் இயலும்.

நான்காவது மொழி. விண்டோஸிலும் இன்று தமிழ் இடைமுகம் உண்டு. ஆயின், அதிலுள்ள சொற்களை வரையறுப்பது கம்பனி. கட்டற்ற முறைமைகளின் தமிழாக்கமோ, இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டுப் பல நாட்டுத் தமிழர் ஊதியங் கருதாது செய்த தொண்டு. எம் நாட்டுப் பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்பதனைத் தமிழ்நாட்டார் ‘இயக்க முறைமை’ என்பர். எச்சொல் பொருந்தும் என்று வாதித்து முடிவுசெய்யும் உரிமை, அங்கே பேசுவோர் கையில் இருக்கின்றது. எமக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகையும், தமிழ்நாட்டாருக்குரிய தமிழ்99 விசைப்பலகையும் அம்முறைமைகளிற் கிடைக்கின்றன. வாங்குவோர் தொகை சிறிதாயின் ஒரு மொழியை வணிகர் புறக்கணிப்பது இயல்பு. தொகை சிறிதாயினும் ஆர்வமுடைய நால்வர் இருந்தால், கட்டற்ற முறைமையில் அம்மொழி இடம்பெறும்.

ஐந்தாவது கற்றல். தச்சுத் தொழில் பயில்வோன் முடிந்த கதிரையைப் பார்ப்பதனால் மட்டும் தச்சனாகான். மூட்டைக் கழற்றியும் பூட்டியும் பார்த்தல் வேண்டும். மூலம் மறைந்த முறைமையில் மாணவன் பயனாளனாக மட்டும் வளர்வான். மூலம் திறந்த முறைமையில் ஆக்குவோனாக வளர வழியுண்டு. டோர்வால்ட்ஸ் மினிக்ஸின் மூலத்தை வாசித்தமையின் பயனே லினக்ஸ் என்பதை மறத்தலாகாது.

எமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எம் கரையோரங்களை அழித்தபோது, காணாமற் போனோரையும், தங்குமிடங்களையும், நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்தற்கென இலங்கைக் கணினித் தொண்டர்கள் சில வாரங்களுள் ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். அதனைக் கட்டற்றதாய் வெளியிட்டனர். ஆதலின், 2005 ஆம் ஆண்டிற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தால் நலிந்தபோது, எவரிடமும் உரிமம் வேண்டாமல் அங்கும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறநிலையம் 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கியது. பெறுவோர் என்று எண்ணப்பட்ட சிறு நாடு கொடுப்போராய் நின்ற நிகழ்ச்சி இது.

தடைகளும் விடைகளும்

ஒரு பக்கமே கூறுதல் ஆராய்ச்சியாகாது. பொறியியல் வரைபடம், நிழற்படத் தொழில் முதலியவற்றிற் பயன்படும் புகழ்பெற்ற மென்பொருள்கள் சில லினக்ஸிற்கென வெளியிடப்படுவதில்லை. சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் எளிதில் இணங்கா. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் தொல்லையும் உண்டு. இவற்றினும் பெரிய தடை மனிதப் பழக்கம். ஜேர்மனியின் மியூனிச் நகராட்சி 2003 ஆம் ஆண்டிற் கட்டற்ற முறைமைக்கு மாறத் தீர்மானித்து, 2013 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. எனினும் 2017 ஆம் ஆண்டில் விண்டோஸுக்கே மீளத் தீர்மானித்தது. மறுபுறம், கேரள மாநிலத்து அரசாங்கப் பாடசாலைகள் ஆசிரியர்களைப் பெருந்தொகையினராய்ப் பயிற்றிக் கட்டற்ற முறைமையைப் பல்லாண்டுகளாகப் பேணி வருகின்றன. இவ்விரண்டாலும் யாம் உணர்வது யாதெனின், மென்பொருளை மாற்றுவது எளிது. அதனைத் தாங்கும் மனிதரைப் பயிற்றாவிடின் மாற்றம் நிலையாது என்பதே. உரிமக் கட்டணத்தில் மிஞ்சிய பணம் பயிற்சிக்குச் செல்லுதல் வேண்டும். செய்பாகம் கைவந்தும் வாசிப்பார் இல்லையெனின், சூரணம் மட்டும் பெற்றவர்க்கும் நமக்கும் வேற்றுமை யாது?

கல்லூரிக்கு உரியது

ஏட்டுச் சுவடிகளைப் பெட்டியிற் பூட்டி, எவர்க்கும் காட்டாது செல்லரிக்க விட்ட காலம் ஒன்று இருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊரூராய்த் தேடிச் சுவடிகளைப் பெற்று, ஒப்புநோக்கி, 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்தார்கள். பூட்டியவர் காத்தது பெட்டியை. அச்சிட்டவர் காத்தது நூலை. கட்டற்ற மென்பொருளை விரும்புவோர் கருத்தும் இதனோடு ஒத்ததே. அறிவு பலர் கைப்பட்டால் தேயும் என்று அவர் அஞ்சுவதில்லை. ஒருவர் கையில் அடைபட்டால் அழியும் என்றே அஞ்சுகின்றனர்.

ஆதலின் மூவகையார்க்கும் ஒவ்வொன்று கூறி அமைவாம். கல்லூரிக்குக் கணினி உதவ முன்வரும் பழைய மாணவர்கள், பெட்டிகளின் தொகையோடு, அவற்றைப் பேணும் ஆசிரியர் ஒருவரின் பயிற்சிச் செலவையும் சேர்த்து எண்ணுவார்களாக. புதிய பத்துக் கணினி வாங்குமுன், ஒதுக்கிய பழையவற்றுட் கட்டற்ற முறைமையால் உயிர்பெறக்கூடியன எத்தனை என்று பார்ப்பது சிக்கனமும் அறிவுமாகும். ஆசிரியர்கள், இரு முறைமைகளையும் மாணவர்க்கு அறிமுகஞ் செய்து, தேர்ந்துகொள்ளும் திறனை வளர்ப்பார்களாக. விண்டோஸ் வழங்கும் அலுவலகங்களில் நாளை தொழில் செய்யவேண்டிய பிள்ளைகளுக்கு அதனை மறைத்தலும் மற்றொரு பூட்டாகிவிடும். மாணவர்கள், தம் திரையிற் காணும் பிழைத்தமிழ்ச் சொல்லொன்றையேனும் திருத்தி அனுப்பப் பழகுவார்களாக. அச்சொல் ஏற்கப்படும் நாளில், தாமறியாத நாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளையொன்று அதனை வாசிக்கும். பெற்றதைக் குறையாது பிறர்க்கும் கொடுக்கும் அவ்வின்பத்தைக் கற்றோர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பெறுதல் வேண்டும்.